பழகிய நாய் திடீரென்று வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கிறதா? முதலில் தண்ணீர்க் கிண்ணத்தைப் பாருங்கள்

கேள்வி: "என் லேப்ரடாருக்கு ஆறு வயது. குட்டியாக இருந்தபோதே வெளியே போகப் பழக்கிவிட்டோம். இத்தனை வருடமாக வீட்டுக்குள் ஒரு சொட்டு போனதில்லை. இப்போது இரண்டு வாரமாக ஹாலில் போகிறது. திட்டியும் அடித்தும் பார்த்தாகிவிட்டது. எப்படித் திருத்துவது?"

"திருத்துவது" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பார்த்துத்தான் வேலையை விட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். ஆறு வருடம் அடக்கிக்கொண்டு வாசலில் போய் நின்ற நாய் ஒரே நாளில் கெட்டுப்போகாது. அதன் உடம்பில் ஏதோ நடக்கிறது. தயவுசெய்து இன்றிலிருந்து அடிப்பதை நிறுத்துங்கள். அடித்தால் உங்கள் கண்ணில் படாமல் கட்டிலுக்கு அடியில் போகக் கற்றுக்கொள்ளும், அவ்வளவுதான். அப்புறம் நோய் வெளியே தெரிய இன்னும் நாளாகும்.

ஆணா பெண்ணா என்று நீங்கள் சொல்லவில்லை. பெண் என்றும், கருத்தடை ஆபரேஷன் செய்யவில்லை என்றும் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நம் ஊரில் வீட்டில் வளரும் பெண் நாய்கள் நிறைய அப்படித்தான் இருக்கின்றன.

எங்கள் வீட்டில் பொம்மி இருக்கிறாள். நாட்டு நாய், செம்பட்டை நிறம், பதினான்கு கிலோ. திருச்சியில் மூன்றாவது மாடி ஃபிளாட். பக்கத்துத் தெருக்காரர் ஊர் மாறிப் போனபோது எங்களிடம் வந்தவள், அப்போதே நன்றாக வளர்ந்த நாய். "ஏன் ஆபரேஷன் செய்யவில்லை?" என்று கேட்க நினைப்பவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். வந்த புதிதில் உண்ணிக் காய்ச்சலில் பிளேட்லெட் மிகவும் குறைந்திருந்தது. உடம்பு தேறட்டும், ரத்தம் சரியாகட்டும், அடுத்த ஹீட் (இணை சேரும் பருவம்) முடிந்து செய்யலாம் என்று டாக்டர்தான் தள்ளி வைத்தார். அந்த ஹீட் முடிந்து ஒரு மாதம் போலத்தான் ஆகியிருந்தது.

ஒருநாள் காலையில் சமையலறை வாசலில் குளம் போலத் தேங்கியிருந்தது. மறுநாள் ஹாலில். மாமியார், "நீ ரொம்பச் செல்லம் குடுக்குற, அதான் திமிரு" என்றார். என் கணவர் மழைக்குப் பயந்து வெளியே போகாமல் இருந்திருக்கும் என்றார். எனக்கு இரண்டுமே பொருந்தவில்லை. போய் முடித்ததும் பொம்மி சுவரோடு ஒட்டி, காதை மடக்கிக்கொண்டு நின்றாள். திமிர் பிடித்த நாய் அப்படி நிற்காது. இன்னொன்று, அந்தச் சிறுநீரில் நிறமும் இல்லை, வாடையும் இல்லை. துடைத்த துணியை முகர்ந்து பார்த்தேன், பச்சைத் தண்ணீர் மாதிரிதான் இருந்தது. பொம்மியின் சிறுநீர் சாதாரணமாக நல்ல மஞ்சளாக, காட்டமாக இருக்கும்.

அன்று மத்தியானம் அவள் கிண்ணத்தைக் கவனித்தேன். காலையில் நான் நிரப்பியதை மாமியார் ஒருமுறை நிரப்பியிருக்கிறார், பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன் ஒருமுறை நிரப்பியிருக்கிறான். ஆளுக்கொரு முறை ஊற்றுவதால் மொத்தம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியவில்லை. அடுத்த நாள் மற்ற எல்லாப் பாத்திரங்களையும் எடுத்துவிட்டு, ஒரு லிட்டர் பாட்டிலால் அளந்து நான் மட்டும் ஊற்றினேன். இரவுக்குள் இரண்டு லிட்டரைத் தாண்டிவிட்டாள்.

இந்தக் கணக்கை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நாய் ஒரு நாளைக்குக் கிலோவுக்கு ஐம்பது அறுபது மில்லி தண்ணீர் குடிப்பது வழக்கம். வெயில் காலத்தில், ஓடி விளையாடினால் கொஞ்சம் கூடும். கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டினால் அது நோயின் அடையாளம். உங்கள் லேப்ரடார் முப்பது கிலோ என்றால் மூன்று லிட்டர்தான் எல்லை. அவ்வளவு குடிக்கும் நாயால் வாசல் திறக்கும்வரை அடக்க முடியாது.

சிலர் இதைப் படித்ததும் தண்ணீரைக் குறைத்துவிடலாம் என்று நினைப்பார்கள். அதைச் செய்யவே செய்யாதீர்கள். உடம்பு தண்ணீரைப் பிடித்துவைக்க முடியாமல் வெளியே விடுகிறது, அதை ஈடுகட்டத்தான் நாய் குடிக்கிறது. கிண்ணத்தை எடுத்துவிட்டால் உடம்பு வற்றிப்போகும். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதாகியிருந்தால் கதை முடிந்துவிடும்.

முதலில் போன கிளினிக்கில் மேசையில் ஏற்றிக்கூடப் பார்க்காமல் "யூரின் இன்ஃபெக்‌ஷனாக இருக்கும்" என்று மாத்திரை எழுதினார்கள். இன்ஃபெக்‌ஷன் என்றால் அடிக்கடி உட்கார்ந்து சொட்டுச் சொட்டாகப் போகும், சமயத்தில் ரத்தம் வரும். பொம்மி போனதோ குளம் குளமாக. சாப்பாடும் குறைந்துகொண்டே வந்தது, பின்புறத்தை ஓயாமல் நக்கினாள். அந்த மாத்திரையை வைத்துக்கொண்டு காத்திருக்க மனசு வரவில்லை, வேறொரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் கேட்ட முதல் கேள்வியே "கடைசியா எப்ப ஹீட்டுக்கு வந்தா?" என்பதுதான். ஸ்கேனில் கர்ப்பப்பை முழுக்கச் சீழ். பயோமெட்ரா என்று பெயர்.

நடப்பது இதுதான். நாய்க்குக் குட்டி தரித்தாலும் தரிக்காவிட்டாலும் ஹீட்டுக்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு மாதம் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் உடம்பில் அதிகமாக இருக்கும். அதனால் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்து நீர் சுரக்கும். ஹீட் சமயத்தில் உள்ளே ஏறிய கிருமிகள், பெரும்பாலும் ஈ.கோலை, அங்கே பெருகிச் சீழாகின்றன. அந்தக் கிருமியின் நஞ்சு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை எட்டும்போது, சிறுநீரைச் செறிவாக்கச் சொல்லும் ஹார்மோன் அங்கே வேலை செய்யாது. தண்ணீர் அப்படியே வெளியே போகும். நான் துணியில் பார்த்த நிறமில்லாத சிறுநீருக்கு அதுதான் காரணம். சீழ் வெளியே வழிந்தால் கண்ணில் படும். ஆனால் நாய் நக்கித் துடைத்துவிடும். கர்ப்பப்பை வாய் மூடிக்கொண்டால் ஒன்றுமே வழியாது, வயிறு மட்டும் உப்பும். ஆபத்து அதில்தான் அதிகம். உள்ளேயே கிழிந்தால் நாய் பிழைப்பது கஷ்டம்.

குளுக்கோஸ் ஏற்றி, ஆன்டிபயாட்டிக் போட்டு, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்தார்கள். பொம்மி பிழைத்தாள். தண்ணீர் குடிப்பது பழைய அளவுக்கு இறங்கியது, ஹாலில் போவதும் நின்றது. யாரும் அவளைத் திருத்தவில்லை.

"ஒரு ஈத்து போட்டால்தான் பெண் நாய்க்கு நல்லது" என்று சொல்பவர்கள் இங்கே வரலாம். குட்டி போடுவது பயோமெட்ராவைத் தடுக்கும் என்று நம்பி நாயை விட்டுவைக்காதீர்கள். ஹீட் வராமல் இருக்க ஹார்மோன் ஊசி போடுவது இன்னும் மோசம், அது இந்த நோயைக் கூப்பிட்டுக் கொண்டுவரும்.

இதைச் சொல்லாமல் போக முடியவில்லை, மன்னிக்கவும். அந்த நாட்களில் பொம்மியால் அடக்க முடியாததால் மூன்று மாடி இறங்குவதற்குள் படிக்கட்டில் போய்விடும். நான் கையில் துணியும் பினாயிலுமாகத்தான் பின்னால் இறங்குவேன். லிஃப்டில் கூட்டிப்போனால் அரை நிமிடம். ஆனால் அசோசியேஷனில் "லிஃப்டில் நாய்க்கு அனுமதி இல்லை" என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள். படிக்கட்டு அசுத்தமானது என்று எனக்கு அபராதக் கடிதம் வேறு வந்தது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் கொடுத்த வழிகாட்டுதலில், குடியிருப்போர் சங்கங்கள் வளர்ப்பு நாயை லிஃப்டில் ஏற்றக்கூடாது என்று தடை போட முடியாது, அதற்காகத் தனியாகக் கட்டணமும் கேட்க முடியாது என்று தெளிவாக இருக்கிறது. ருக்மிணி தேவி அருண்டேலை முதல் தலைவராகக் கொண்டு 1962-இல் தொடங்கிய வாரியம் அது. பல வருடம் சென்னையில்தான் அதன் தலைமையகம் இருந்தது. நம் ஊரிலிருந்து நடந்த ஒரு வாரியம் சொன்னதை நம் ஊர்ச் சங்கங்களே படிப்பதில்லை. ஆபரேஷன் முடிந்து தையலோடு இருந்த நாயை நானும் என் பையனும் போர்வையில் வைத்து மூன்று மாடி தூக்கி ஏறினோம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. அபராதம் கட்டவும் இல்லை, கட்டப் போவதும் இல்லை.

சரி, உங்கள் நாய்க்கு வருகிறேன். எல்லாம் பயோமெட்ராதான் என்று நான் சொல்லவில்லை. ஏற்கெனவே கருத்தடை செய்த பெண் நாய் என்றால், படுத்து எழுந்த இடம் மட்டும் ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். அது தூக்கத்தில் தன்னை அறியாமல் கசிவது, மாத்திரைக்கு நன்றாகக் கேட்கும். சாப்பாடு அதிகமாகியும் இளைத்துக்கொண்டே போனால் சர்க்கரை நோயைச் சோதிக்க வேண்டும். சிறுநீரில் எறும்பு மொய்க்கவில்லை என்பதை வைத்துச் சர்க்கரை இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். தோல் அரிப்புக்கு ஸ்டீராய்டு மாத்திரை ஓடுகிறதா? அதுவே தண்ணீர் குடிக்க வைக்கும். டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். ஆண் நாய் காலைத் தூக்கிச் சோபா ஓரத்தில் கொஞ்சமாக அடித்தால் அது எல்லை குறிப்பது, வீட்டுக்குப் புதிதாக யாராவது வந்திருக்கிறார்களா என்று யோசியுங்கள். ஆனால் ஆண் நாய் முக்கி முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் கல் அடைத்திருக்கலாம். அதற்கு நாளைக் காலைவரை காத்திருக்கக் கூடாது, நடு ராத்திரியானாலும் கிளம்புங்கள்.

டாக்டரிடம் போகும்போது காலையில் முதன்முதலில் போகும் சிறுநீரைப் பிடித்துக் கொண்டுபோங்கள். பெண் நாய் தாழ்வாக உட்காரும், பாட்டிலை நீட்டினால் எழுந்துவிடும். நான் விளிம்பு உயரமில்லாத எவர்சில்வர் தட்டைப் பின்னாலிருந்து சத்தமில்லாமல் தள்ளினேன். உட்காரும் முன் தள்ளினால் நகர்ந்துவிடுவாள், போக ஆரம்பித்த பிறகு தள்ள வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், எலிக் காய்ச்சல் நாயின் சிறுநீர் வழியாக மனிதருக்கும் வரும். நான்கைந்து ஸ்பூன் போதும், மூடி போட்டுச் சீக்கிரம் லேபில் கொடுங்கள். சிறுநீரின் செறிவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், ரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) சர்க்கரையும் பார்க்கச் சொல்லுங்கள். தனியார் ஸ்கேன் செலவு தாங்காது என்றால் வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, எது பக்கமோ அங்கே விசாரியுங்கள்.

தரைக்குப் பினாயில் மட்டும் போதாது. நமக்கு வாடை போன மாதிரி இருக்கும், நாய்க்குப் போகாது, அதே இடத்துக்குத் திரும்பி வரும். செல்லப்பிராணிக் கடைகளில் என்சைம் கிளீனர் விற்கிறார்கள், அதை ஊற்றிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துடையுங்கள்.

ஆணா பெண்ணா, கருத்தடை ஆகிவிட்டதா, கடைசி ஹீட் எப்போது, ஒரு நாள் முழுக்க அளந்து பார்த்ததில் எவ்வளவு தண்ணீர் குடித்தது, இந்த நான்கையும் கீழே எழுதுங்கள். பெண்ணாக இருந்து, ஹீட் முடிந்து இரண்டு மாதத்துக்குள் என்றால் என் பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல் இன்று சாயங்காலமே ஸ்கேனுக்குக் கூட்டிப்போங்கள்.