வாசகர் கேள்வி: மறியலில் தம்பியைச் சோதித்த விதம்

கேள்வி: என் தம்பி விளக்கமறியலில் இருக்கிறான். போன வாரம் வழக்குத் தவணைக்குப் போய்த் திரும்பியதும், பத்துப் பேருக்கு முன்னால் உடுப்பு முழுவதையும் கழட்டிக் குந்தி எழும்பச் சொன்னார்களாம். பார்க்கப் போனபோது சொல்லி அழுதான். சோதிப்பது அவர்கள் கடமை, பேசாமல் இரு என்கிறார் மாமா. ஒன்றும் கேட்க முடியாதா?
- ஒரு சகோதரி, சம்பூர்

பதில்: கேட்கலாம் தங்கச்சி. மாமா சொன்னது பாதி சரி. போதைப்பொருளும் போனும் உள்ளே போகாமல் பார்க்கச் சோதிக்கத்தான் வேண்டும். ஆனால் எப்படிச் சோதிப்பது என்பதற்கு எல்லை இருக்கிறது. இழிவான நடத்துகை கூடாது என்கிறது நம் இலங்கை அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை. மறியலில் இருப்பவருக்கும் அது பொருந்தும்; அவசரகாலத்தைக் காட்டியும் குறைக்க முடியாது.

கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று 2015இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள் இன்னும் விளக்கமாகச் சொல்கின்றன. உடுப்பைக் களைந்து சோதிப்பது வேறு வழியே இல்லாதபோது மட்டும்தான். அதுவும் மறைவான இடத்தில், பயிற்சி பெற்ற அதே பாலினத்தவர் செய்ய வேண்டும். ஏன் சோதித்தார்கள், யார் சோதித்தார் என்று பதிவும் இருக்க வேண்டும். இந்த விதிகளை மட்டும் வைத்து வழக்குப் போட முடியாது. 11ஆம் உறுப்புரைக்குத் துணையாக எடுத்துப் பேசலாம். பத்துப் பேருக்கு முன்னால் நிறுத்தியதை எந்தக் கடமையும் நியாயப்படுத்தாது என்பது என் உறுதியான எண்ணம்.

திருகோணமலையில் நான் கனிஷ்ட சட்டத்தரணியாக இருந்தபோது ஒரு வயதான மீனவர் இதே கதையோடு வந்தார். சொல்லி முடிக்கும்வரை, ஏற்கெனவே பூட்டியிருந்த சட்டைப் பொத்தானைத் திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டே இருந்தார். சம்பவம் நடந்து ஒன்றரை மாதம் கடந்திருந்தது. 11ஆம் உறுப்புரை போன்ற உரிமை மீறப்பட்டால் போடும் அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொன்னது இன்னும் என்னை உறுத்துகிறது.

அதனால் நாட்களைக் கடத்தாதீர்கள். தம்பி சார்பில் சட்டத்தரணி மனுப் போடலாம். கொழும்புக்கு உடனே போக வசதியில்லையா? மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது; அங்கே அவனுக்காக நீங்களே முறைப்பாடு கொடுக்கலாம். ஒரு மாதத்துக்குள் கொடுத்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வாங்குங்கள்.

அதற்கு முன் தம்பியின் சம்மதத்தைக் கேளுங்கள். உள்ளே இருக்கப்போவது அவன்தான். சரி என்றால் திகதி, நேரம், பக்கத்தில் நின்றவர்கள், சொன்ன வார்த்தைகள் எல்லாவற்றையும் கேட்டு, வீட்டுக்கு வரும் பஸ்ஸிலேயே எழுதி வையுங்கள்.