நான்கு இடங்கள் வேண்டாம், ஒரு பாலம் போதும்

கேள்வி: களியக்காவிளைக்கு அருகில் ஒரு தொடக்கப்பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். வகுப்பில் 36 பிள்ளைகள். சென்ற ஆண்டு ஒரே நாளில் பத்மநாபபுரம் அரண்மனை, மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு அருவி, கன்னியாகுமரி ஆகிய நான்கையும் பார்த்துத் திரும்பினோம். மறுநாள் எழுதச் சொன்னபோது பேருந்தில் பாடியதையும் அருவியில் குளித்ததையும் மட்டுமே எழுதினார்கள். "இவ்வளவு பணம் கொடுத்தோமே, பிள்ளை என்ன படித்தது?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். இந்த ஆண்டு எப்படித் திட்டமிடுவது?

பதில்: பிள்ளைகள் எழுதியதில் பிழை எதுவும் இல்லை, அம்மா. நான்கு இடங்களை ஒரு பகலில் அடைத்தால் அவர்கள் நின்று பார்த்த நேரத்தைவிட ஏறி இறங்கிய நேரமே மிகுதியாக இருக்கும். மனத்தில் நின்றதைத்தான் எழுதியிருக்கிறார்கள். நீங்கள் நடத்தியது சுற்றுலா. அதுவும் பிள்ளைகளுக்கு வேண்டியதுதான். ஆனால் பெற்றோர் கேட்பது களப்பயணத்தின் பலனை. அதற்கு ஓர் இடமும், அந்த இடத்தைப் பற்றிப் பிள்ளைகள் தாமே எழுப்பிய கேள்விகளும் போதும்.

உங்கள் பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், நான்காம் வகுப்புக்கு மாத்தூர் தொட்டிப்பாலத்தையே சொல்வேன். 1966-இல் கட்டி முடிக்கப்பட்ட இந்தப் பாலம், பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், ஒரு குன்றிலிருந்து எதிர்க்குன்றுக்குப் பாசனக் கால்வாயின் நீரைக் கொண்டுசெல்கிறது. ஆற்றுக்கு மேலே இன்னோர் ஆறு ஓடுவதைப் போன்ற அந்தக் காட்சி பிள்ளைகளைத் தானாகவே கேள்வி கேட்க வைக்கும். ஆற்றில்தான் தண்ணீர் ஓடுகிறதே, பிறகு மேலே ஏன் தனியாக ஒரு தொட்டி கட்டினார்கள் என்று ஒரு சிறுமி என்னிடம் கேட்டாள். தண்ணீர் மேட்டில் ஏறாது, ஆற்றின் மட்டம் வயலின் மட்டத்தைவிடத் தாழ்வு என்பதைக் கரும்பலகையில் ஒரு வாரம் விளக்கினாலும் பதியாதது, அவள் அங்கே நின்று கீழே ஆற்றையும் எதிரே குன்றையும் மாறி மாறிப் பார்த்த சில நிமிடங்களில் பதிந்துவிட்டது.

பயணத்துக்கு முந்திய வாரமே வேலையைத் தொடங்குங்கள். பள்ளித் திண்ணையில் ஒவ்வொரு பிள்ளையும் இயல்பாகப் பத்து எட்டு (காலடி) நடக்கட்டும். அந்தத் தூரத்தை நாடாவால் அளந்து தன் நோட்டில் குறித்துக்கொள்ளட்டும். பாலத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எட்டுகளை எண்ணி நடந்தால், நீளத்தை அவர்களே கணக்கிட்டுவிடலாம். பத்து எட்டுக்கு ஐந்து மீட்டர் நடக்கும் பிள்ளை 740 எட்டு எண்ணியிருந்தால் 370 மீட்டர் என்று வரும். பாலத்தின் நீளம் ஏறத்தாழ 380 மீட்டர் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். எல்லோருடைய விடைகளையும் பலகையில் எழுதிய பிறகு சொல்லுங்கள். விடைகள் ஏன் வேறுபட்டன என்ற பேச்சில்தான் அளவை பற்றிய பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. கீழே இறங்கியதும் தூண்களை எண்ணச் செய்யுங்கள். 28 தூண்கள் உள்ளன. நம் பக்கத்தில் சிலர் தொட்டில்பாலம் என்றும் சொல்வதால், தொட்டியா தொட்டிலா, எது பொருந்தும் என்று தமிழ்ப் பாட வேளையில் கேட்டுப் பாருங்கள், பிள்ளைகள் விடமாட்டார்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, நம் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலங்களும் உண்டு என்பதால் ஜனவரி அல்லது பிப்ரவரி தொடக்கம் நல்லது. மழை ஓய்ந்திருக்கும், கால்வாயிலும் பொதுவாகத் தண்ணீர் இருக்கும். வறண்ட தொட்டியைக் காட்டினால் பாதி பாடம் போய்விடும் என்பதால், ஒரு வாரம் முன்பு நீங்களே நேரில் போய்ப் பார்த்து வாருங்கள். பாலத்தின் நடைபாதை குறுகலானது. ஆறு பிள்ளைகளுக்குப் பெரியவர் ஒருவர் என்று கணக்கிட்டு, பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து தாய்மார் சிலரை அழைத்துக்கொள்ளுங்கள். இருவர் இருவராகக் கைகோத்து நடக்கட்டும், ஆற்றில் ஒருவரும் இறங்க வேண்டாம். பெற்றோரின் எழுத்துப்பூர்வ இசைவும் வட்டாரக் கல்வி அலுவலரின் அனுமதியும் கைக்கு வந்த பிறகே பேருந்து பேசுங்கள். அரண்மனையை ஐந்தாம் வகுப்புக்கு ஒதுக்கிவையுங்கள். திங்கட்கிழமை அதற்கு விடுமுறை என்பதை மட்டும் மறவாதீர்கள்.

பணம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கட்டணம் கட்ட முடியாமல் ஒரு பிள்ளை வகுப்பில் தனியே உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் பேருந்தில் ஏறும் பயணம் நடக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அந்த நிலை வருமானால், நடந்து போகும் தொலைவிலுள்ள ரப்பர் தோட்டத்துக்குக் காலையில் அழைத்துச் செல்லுங்கள். மரத்தில் சாய்வாக வெட்டிய கோட்டின் வழியே பால் வழிந்து சிரட்டையில் சொட்டுவதைப் பிள்ளைகள் பல நாள் பார்த்திருப்பார்கள். ஆனால் வெட்டு ஏன் சாய்வாக இருக்கிறது, விடியற்காலையிலேயே ஏன் வெட்டுகிறார்கள் என்று பால்வெட்டுபவரிடம் கேட்டிருக்கமாட்டார்கள். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும் என்று அவர் தம் வாயால் சொல்லட்டும். ரப்பர் ஷீட் அடிக்கும் (உறைந்த பாலைத் தகடாக்கும்) இடத்தில் பாலை உறைய வைக்க அமிலம் சேர்ப்பதால், பிள்ளைகள் சற்றுத் தள்ளி நின்றே பார்க்க வேண்டும். பல பிள்ளைகளின் அப்பாவோ தாத்தாவோ இந்தத் தொழிலில் இருப்பார். அன்று அவரே ஆசிரியர்.

பெற்றோரின் கேள்விக்கு நீங்கள் பதில் எழுத வேண்டாம், பிள்ளைகள் எழுதட்டும். திரும்பிய இரண்டாம் நாள், ஒரு தாளில் "நான் அளந்தது", "நான் கேட்டது", "எனக்கு இன்னும் தெரியாதது" என்ற மூன்று தலைப்புகளில் நான்கைந்து வரிகளும் ஒரு படமும் போதும். எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தாமல் அப்படியே வீட்டுக்கு அனுப்புங்கள். மூன்றாம் தலைப்பில் வரும் கேள்விகளை மட்டும் ஒரு பெரிய தாளில் தொகுத்து வகுப்புச் சுவரில் ஒட்டிவையுங்கள். அந்தக் கால்வாய் நீரில் பயிர் செய்யும் விவசாயி ஒருவரை ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில் வகுப்புக்கு அழைத்து, அவற்றைப் பிள்ளைகளே அவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்கட்டும்.