Re: சைக்கிள் பாதையை எடுக்கப் போகிறார்கள், என்ன செய்வது?

வணக்கம். சாலையோரம் வெள்ளைக் கோடு போட்டுச் சைக்கிள் பாதை என்றார்கள், அதில் கார்கள் நிற்கின்றன, இப்போது "யாரும் ஓட்டவில்லை" என்று அதையே எடுக்கப் போகிறார்கள் என எழுதியிருந்தீர்கள். படித்ததும் வருத்தமாக இருந்தது. ஆனால் அந்தக் கோட்டைக் காப்பாற்றப் போராடாதீர்கள். பாதைக்கும் வண்டிகளுக்கும் நடுவே தடுப்பு வேண்டும் என்று கேளுங்கள்.

பெயின்ட் எந்தக் காரையும் நிறுத்தாது. பிள்ளையை அதில் அனுப்ப எந்தப் பெற்றோரும் துணிய மாட்டார்கள். பார்க்கிங் போய்விடும் என்று எதிர்ப்பு வந்தால் வரிசையை மாற்றச் சொல்லுங்கள்: நடைபாதையை ஒட்டிச் சைக்கிள் பாதை, அதற்கு வெளியே நிற்கும் கார்கள், அதன் பிறகு ஓடும் வண்டிகள். நிற்கும் கார்களே அரணாகிவிடும். கார்க் கதவு திறக்க இடைவெளி விட வேண்டும், அது முக்கியம். சந்திப்புகளுக்கு அருகே மட்டும் சில கார்களுக்கு இடம் குறையும்; திரும்பும் ஓட்டுநருக்குச் சைக்கிள் தெரிய வேண்டுமே.

அப்புறம், உங்கள் பாதை எங்கே போய் முடிகிறது? பாதியில் அறுந்துபோனால் ஆள் வராது. ஸ்பெயினின் செவில் நகரம் 2006, 2007 வாக்கில் தடுப்புள்ள பாதைகளை ஒன்றோடொன்று இணைத்து, சுமார் 80 கிலோமீட்டருக்கு ஒரே மூச்சில் போட்டது. அதற்குமுன் அங்கே சைக்கிள் ஓட்டியவர்கள் மிகக் குறைவு. சில ஆண்டுகளிலேயே எண்ணிக்கை பல மடங்கானது.

பாதையைப் பற்றிப் பேசும் கூட்டத்துக்குப் போகும்முன் ஒரு வாரம், காலையும் மாலையும், பாதையை அடைத்து நிற்கும் கார்களைப் படமெடுத்து வையுங்கள். நடைபாதையில் ஏறிச் சைக்கிள் ஓட்டுபவர்களையும் எண்ணுங்கள். அவர்கள்தான் அந்தப் பாதைக்கு வர வேண்டியவர்கள்.