சமூக ஊடகத்துக்கு வயது வரம்பு: பெற்றோர் கேட்டவை

கேள்வி: ஆஸ்திரேலியாவில் 16 வயது ஆகாத பிள்ளை கணக்கு வைத்திருந்தால் பெற்றோருக்கு அபராதமா?

இல்லை, பிள்ளைக்கும் கிடையாது. 16 வயது ஆகாதவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்று 2025 டிசம்பர் 10 முதல் அங்கே நடைமுறையில் இருக்கும் சட்டம், நிறுவனங்களைத்தான் பிடிக்கிறது. சிறுவர் கணக்குகளைத் தடுக்கத் தக்க முயற்சி எடுக்காத நிறுவனத்துக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். பெற்றோர் சம்மதித்தாலும் அங்கே செல்லாது. ஆனால் வாட்ஸ்அப் போன்ற செயலிகள் இந்தத் தடைக்குள் வரவில்லை. வகுப்புக் குழுவில் ஒரு பிள்ளையை ஒதுக்கிவைத்துக் கேலி செய்வது அங்கேயும் நடக்கும். அதையும் கவனியுங்கள்.

கேள்வி: கணக்கு தொடங்க 13 வயது ஆக வேண்டும் என்று பல செயலிகள் சொல்கின்றன. அது மருத்துவர்கள் சொன்ன கணக்கா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், ஆனால் அது ஒரு சட்டத்திலிருந்து வந்தது. 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் விவரங்களைப் பெற்றோர் அனுமதியின்றி இணையதளங்கள் திரட்டக் கூடாது என்று அமெரிக்காவில் 1998-ல் சட்டம் வந்தது. எதற்கு வம்பு என்று நிறுவனங்கள் 13-ஐயே வாசற்படியாக வைத்துக்கொண்டன. உங்கள் பிள்ளை தயாரா என்பதற்கு அந்த எண்ணில் விடை இல்லை.

கேள்வி: இந்தியச் சட்டம்?

2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது ஆகாதவர்களின் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. பிள்ளைகளைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டுவதற்கும் அதில் தடை உண்டு. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின, படிப்படியாக அமலாகும்.

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. பிறந்த வருஷத்தை மாற்றிப் போட்டு இன்ஸ்டாகிராமில் கணக்கு தொடங்கியிருக்கிறாள். உடனே அழித்துவிடவா?

கணக்கு போகத்தான் வேண்டும். ஆனால் ராத்திரியில் போனைப் பிடுங்கி அழிக்காதீர்கள். அடுத்த கணக்கை உங்களுக்குத் தெரியாமல் தொடங்குவாள், அங்கே யாராவது மிரட்டினாலும் உங்களிடம் வரமாட்டாள். எனக்குப் பெரிய பயம் அதுதான்.

ஒருநாள் சாவகாசமாகப் பக்கத்தில் உட்காருங்கள். பொய்யான வருஷத்தால் அந்தச் செயலி அவளைப் பெரியவளாகவே எண்ணியிருக்கும், சிறுவர்களுக்கான பாதுகாப்புகள் அவளுக்கு வந்திருக்காது என்று புரியவையுங்கள். அப்புறம், தெரியாதவர்கள் அனுப்பிய செய்திகள் சேரும் பகுதியை இருவருமாகத் திறந்து பாருங்கள். "ஹாய், எந்த ஊர்?" என்று முகமில்லாத ஒரு கணக்கு கேட்டிருந்தால், பதில் போட்டாயா என்று அதட்டாமல் கேளுங்கள். போட்டிருந்தால் நீங்கள் பதறுவது முகத்தில் தெரியக் கூடாது. மிரட்டலாக ஏதாவது இருந்தால் முதலில் ஸ்கிரீன்ஷாட், பிறகு புகார். எல்லாம் சரி என்றால் அவள் சேர்த்த படங்களை இறக்கி வைத்துக்கொடுத்து, கணக்கை அவள் கையாலேயே மூடச் சொல்லுங்கள்.

கேள்வி: மகனின் படங்களை நாங்களே போடுகிறோம். தவறா?

பள்ளிச் சீருடையும் பெயர்ப்பட்டையும் தெரியும் படங்களை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். மற்றவற்றை அவனிடம் காட்டிக் கேளுங்கள். வேண்டாம் என்று அவன் சொல்வதையும் எடுத்துவிடுங்கள்.