பாய் விரித்திருக்கும்போது இஞ்சினும் ஓடினால் என்ன அடையாளம் காட்ட வேண்டும்?

நாகப்பட்டினத்திலிருந்து கோடியக்கரைப் பக்கம் பாய்ப்படகில் போகிறீர்கள், காற்று விழுந்ததும் பாயை இறக்காமலே இஞ்சினைப் போடுகிறீர்கள். அப்போது தனி அடையாளம் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் வேண்டும். 1972ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளின்படி, இஞ்சின் உந்தத் தொடங்கிய நொடியே அது பாய்ப்படகு இல்லை, விசைப்படகு.

பகலில் கறுப்புக் கூம்பு ஒன்றை, கூர்முனை கீழே பார்க்க, முன்பக்கம் நன்றாகத் தெரியும் இடத்தில் தொங்கவிட வேண்டும். எண்ணெய் ஊற்றும் புனல் மாதிரி, வாய் மேலே. வாய் அகலம் குறைந்தது 0.6 மீட்டர், உயரமும் அதே அளவு; 20 மீட்டருக்குக் குறைந்த படகில் அளவுக்கேற்பச் சிறிதாக வைக்கலாம்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கடுவையாற்று முகத்துவாரத்தில் எதிரே வரும் ஃபைபர் படகுக்காரருக்கு உங்கள் பாய் மட்டும்தான் தெரியும். காற்றில் வருகிறீர்கள் என்று நினைத்து அவர் விலகுவார். விலக வேண்டியது நீங்களாகவும் இருக்கலாம். வலை விட்டுத் தொழிலில் இருக்கும் படகுக்கு, பாயோ இஞ்சினோ, நீங்கள்தான் விலக வேண்டும்.

இரவில் கூம்பு உதவாது. இடம் சிவப்பு, வலம் பச்சை, பின்னால் வெள்ளை; அப்புறம் பாய்மரத்தில் முன்னோக்கிய வெள்ளை விளக்கு. இஞ்சினை நிறுத்தினால் அந்தப் பாய்மர விளக்கை மட்டும் அணைத்துவிடுங்கள்.