நீதிமன்றத்துக்குள் பென்சிலோடு

கேள்வி: பெரிய வழக்குகளை நீதிமன்றத்திலிருந்து வரைந்து பத்திரிகைக்குக் கொடுக்க ஆசை. கமராவை விடமாட்டார்கள், பென்சிலை விடுவார்களா?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: நாட்டுக்கு நாடு வேறு. இங்கிலாந்தில் 1925ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியிடுவதற்காக உள்ளே இருந்து வரைவதே குற்றம். ஓவியர்கள் குறிப்பு மட்டும் எழுதிக்கொண்டு, வெளியே வந்து நினைவிலிருந்து வரைகிறார்கள். அமெரிக்க சமஷ்டி நீதிமன்றங்களில் குற்ற வழக்குகளைப் படம்பிடிக்கத்தான் தடை. ஓவியர் உள்ளேயே இருந்து வரைவார். நம் பக்கம், மட்டக்களப்பானாலும் கல்முனையானாலும், கேட்காமல் கொப்பியைத் திறக்காதீர்கள். வழக்கு இலக்கம், தவணைத் திகதி, எந்தப் பத்திரிகைக்கு என்பதை எழுதி, பதிவாளர் ஊடாக நீதிபதியிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.

அனுமதி கிடைத்தாலும் பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரையும் சிறுவரையும் வரையவே கூடாது. அடையாள அணிவகுப்பு (வரிசையில் நிற்பவர்களுள் சந்தேகநபரைச் சாட்சி இனங்காட்டுவது) இன்னும் நடக்கவில்லையென்றால் சந்தேகநபரின் முகத்தையும் விட்டுவிடுங்கள். சாட்சி ஆளைக் கண்டது சம்பவத்திலா பத்திரிகையிலா என்று எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், சட்டத்தரணி கேட்பார், அணிவகுப்பே வீணாகிவிடும்.

கேள்வி: ஆள் கூண்டில் ஐந்து நிமிடம்கூட நிற்பதில்லை. முகம் பிடிபடவில்லை.
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: பெரும்பாலும் கண்ணில் தொடங்குவதுதான் காரணம். நீதிபதி வருமுன்பே ஆசனம், அரச இலச்சினை, கூண்டுக் கம்பி எல்லாவற்றையும் மெல்லிய கோட்டில் போட்டுவையுங்கள். எதிரி ஏறியதும் தலைச் சரிவு, தோள், கை. பிறகு நெற்றியில் முடி தொடங்கும் கோடு, மூக்கடிக்கும் மேலுதட்டுக்கும் உள்ள இடைவெளி, தாடை. இம்மூன்றும் சரியாக விழுந்தால், கண் சற்றுப் பிசகினாலும் ஆளை ஊரார் கண்டுபிடிப்பார்கள். பிழைத்தால் அழித்து அழித்துத் திருத்த வேண்டாம். தாளின் மூலையில் தலையை மட்டும் புதிதாக வரையுங்கள். நீதிபதியும் சட்டத்தரணிகளும் அடுத்த வழக்குக்கும் இருப்பார்கள், அவர்களைப் பிறகு பார்க்கலாம்.

தூரத்தில் இருப்பவர்களை நெருக்கி வரைவது வழக்கம்தான். முகத்தில் இல்லாத கோபத்தையோ கண்ணீரையோ சேர்ப்பது அநியாயம். அவருக்கு இன்னும் தீர்ப்பு வரவில்லை.

கேள்வி: என்ன தாள், என்ன வர்ணம்?
– வாசகர், வாழைச்சேனை

பதில்: ஏ3 அளவில் சாம்பல் அல்லது மங்கிய மண்ணிறத் தாள். நடுநிறம் தாளிலேயே இருப்பதால் சட்டத்தரணியின் கறுப்புக் கோட்டுக்குக் கரி, வெள்ளைச் சட்டைக்கு வெள்ளைப் பாஸ்டல், வேலை முடிந்தது. வாவிக்கரை வெக்கையில் கை வியர்த்துப் பாஸ்டல் இழுபடும். உள்ளங்கையின் கீழ் துண்டுத் தாள் ஒன்று வையுங்கள். மார்கழி மழையில் தாள் ஈரம் குடித்து நெளியும். பலகையில் நான்கு மூலைக்கும் கிளிப் போட்டு, பொலித்தீன் உறையில் கொண்டுபோங்கள். வர்ணம் உதிராமல் அடிக்கும் ஸ்பிரேயை உள்ளே எடுக்கவே வேண்டாம். வெளியே, ஓரடி தூரத்திலிருந்து, மெல்லியதாக இரண்டு முறை அடியுங்கள். ஒரேயடியாக அடித்தால் வெள்ளை மங்கிவிடும்.