டெலிபோன் கம்பெனியில் 35 வருடம்: பிலிப் ஆண்டர்சன் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: ஆண்டர்சனைச் செறிபொருள் இயற்பியலாளர் என்கிறார்கள். எங்கள் பாடத்தில் திண்மநிலை இயற்பியல் என்றுதான் இருக்கிறது. இரண்டும் ஒன்றா?

பதில்: கிட்டத்தட்ட. அணுக்கள் நெருக்கமாகச் சேர்ந்திருக்கும் திண்மமும் திரவமும்தான் செறிபொருள். திரவ ஹீலியத்தையும் ஆராய்ந்துகொண்டு ‘திண்மம்’ என்று பெயர் வைத்துக்கொள்வது பொருந்தவில்லை. கேம்பிரிட்ஜில் ஆண்டர்சனும் சக இயற்பியலாளர் ஃபோல்கர் ஹைனேவும் தங்கள் குழுவின் பெயரையே மாற்றினார்கள். புதுப் பெயர் பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

கேள்வி: 1949-ல் ஹார்வர்டில் முனைவர் பட்டம். அப்புறம் எந்தப் பல்கலைக்கழகம்?

பதில்: எதுவும் இல்லை! நேராக பெல் ஆய்வகம், அதாவது டெலிபோன் கம்பெனியின் ஆய்வுக்கூடம். 1984 வரை அங்கேதான். அந்த வேலையை விடாமலே, நடுவில் 1967 முதல் 1975 வரை கேம்பிரிட்ஜிலும், அதன்பின் பிரின்ஸ்டனிலும் பேராசிரியர்.

கேள்வி: நோபல் எதற்கு? கணக்கு இல்லாமல் சொல்லுங்கள்.

பதில்: முயல்கிறேன். பெல் ஆய்வகத்தில் ஜார்ஜ் ஃபெஹர் பாஸ்பரஸ் கலந்த சிலிக்கானை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். பாஸ்பரஸ் அணுக்கள் தாறுமாறாகச் சிதறிக் கிடந்தன. அவற்றின் எலக்ட்ரான்கள் அக்கம்பக்கம் பரவியிருக்க வேண்டும், பரவவில்லை. ஏன் என்று ஆண்டர்சன் குடைந்தார். எலக்ட்ரான் ஓர் அலை. அணுக்கள் வரிசையாக இருந்தால் தடையில்லாமல் போகும். வரிசை ரொம்பக் கலைந்தால், பல திசைகளில் சிதறிய அலைகள் ஒன்றோடொன்று மோதி, வெளியே போகும் வழியை அடைத்துவிடும். எலக்ட்ரான் ஓரிடத்திலேயே முடங்கும். இதை 1958-ல் எழுதினார். அப்போது கண்டுகொண்டவர்கள் சொற்பம். ஆங்கிலேய இயற்பியலாளர் நெவில் மாட் அவர்களில் ஒருவர். 1977-ல் நோபலை மாட்டுடனும், ஹார்வர்டில் தனக்கு வழிகாட்டிய வான் விளெக்குடனும் பகிர்ந்துகொண்டார்.

கேள்வி: வாத்தியாராக எப்படி?

பதில்: அவரே சொன்ன கதை இருக்கிறது. 1961-62-ல் கேம்பிரிட்ஜில் வகுப்பெடுத்தபோது பிரையன் ஜோசப்சன் என்ற மாணவர் உட்கார்ந்திருந்தார். எதையும் பிசகாகச் சொல்ல முடியாதாம்; சொன்னால் வகுப்பு முடிந்ததும் பையன் வந்து இவருக்கே விளக்கிவிட்டுப் போவானாம். மீகடத்தி என்றால் மின்தடையே இல்லாத பொருள். இரண்டு மீகடத்திகளுக்கு நடுவே மெல்லிய காப்புப் படலம் இருந்தாலும் மின்னோட்டம் பாயும் என்று அந்தப் பையன் கணித்தான். அதை 1963-ல் ஆண்டர்சனும் ஜான் ரோவெலும் சோதனையில் காட்டினார்கள். எனக்கு நோபலைவிட இந்தக் கதைதான் பிடிக்கும்.

கேள்வி: நம் ஊர்க்காரர்கள் யாராவது அவரோடு வேலை செய்தார்களா?

பதில்: சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் ஜி. பாஸ்கரன். 1987-ல் உயர்வெப்ப மீகடத்திகள் (மற்றவற்றைப் போல அவ்வளவு கடுங்குளிர் தேவைப்படாத மீகடத்திகள்) பற்றி ஆண்டர்சனோடு சேர்ந்து எழுதிய கட்டுரை பிரபலம். டி. வி. ராமகிருஷ்ணனும் உண்டு: 1979-ல் நான்கு பேர் எழுதிய கட்டுரை. மெல்லிய படலத்தில் துளி ஒழுங்கின்மை இருந்தாலே எலக்ட்ரான் முடங்கிவிடும் என்றது அது. எழுதியவர்களுக்கே ‘நால்வர் கும்பல்’ என்று பட்டப்பெயர்!

கேள்வி: எம்.எஸ்சி. படிக்கிறேன், கோட்பாட்டு ஆராய்ச்சிதான் ஆசை. ஆய்வுக்கூடப் பக்கம் போகாமல் இருக்கலாமா?

பதில்: ஃபெஹர் கதையை மறுபடி படியுங்கள் தம்பி. வாரம் ஒருமுறையாவது சோதனைக்காரர்களோடு டீ குடியுங்கள். எந்த அளவீடு ஒத்துவரவில்லை என்று புலம்புகிறார்களோ, அதைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.